விமானி அறையில் ஒரு வழிகாட்டி
(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வாலிபருக்குப் பயன்படக்கூடிய விஞ்ஞானப் பொருள் ஒன்றுபற்றிப் பேசவேண்டுமென்று விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். சிறிய ஆகாய விமானங்களில் வழியறியப் பயன்படும் ஜி.பி.எஸ். கருவியை அதிக செலவின்றித் தெரிவுசெய்வது எப்படி என்பதையே நாம் பொருளாக எடுத்துக்கொண்டோம். இதைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலரது முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். "சைக்கிள் வாங்குவதற்கே நாலுமுறை யோசிக்கும் எங்களுக்கு விமானக் கருவியைப்பற்றி ஏன் பிரசங்கம்?" என்று அவர்கள் எண்ணுதல் நியாயமே. ஆனால், நாலுமுறை யோசித்து வாங்கும் அந்தப் பழக்கமே இன்றைய பேச்சின் சாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்பொருள் எமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. எங்கள் கரையோர மீனவர் கையளவான ஜி.பி.எஸ். கருவியைப் படகில் வைத்துக்கொண்டு இருட்டிலும் கரைசேர்கிறார்கள். வாலிபர் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியிலும் அதே வித்தைதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழ்கிறார்கள்; அவர்களுட் சிலர் ஓய்வு நாட்களில் விமானம் ஓட்டவும் பழகுகிறார்கள். நாம் விமானியல்லோம், சிறு விமானங்களில் றேடியோவும் மின்கருவிகளும் பொருத்தும் தொழிலில் இங்கிலாந்தில் சில காலம் இருந்தோம். அங்கே கண்டதும் கற்றதுமே இப்பேச்சுக்கு ஆதாரம்.

முதலில் இக்கருவி வேலைசெய்யும் விதத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியை வலம்வருகிறது. ஒவ்வொன்றினுள்ளும் மிக நுட்பமான மணிக்கூடு உண்டு. "இப்போது நேரம் இன்னது, நான் நிற்கும் இடம் இன்னது" என்று அது றேடியோ அலைமூலம் இடைவிடாது அறிவிக்கிறது. விமானத்திலுள்ள கருவி, அச்செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தை நிருணயிக்க மூன்று செய்மதிகள். கருவியின் சொந்த மணிக்கூட்டுப் பிழையைத் திருத்த நாலாவது செய்மதி. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் கணக்கில் 300 மீற்றர் பிழைத்துவிடும் என்றால், இதன் நுட்பத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வரிசையின் முதற் செய்மதி 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. அது இராணுவத்துக்கென அமைந்த ஏற்பாடு. 1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1ஆந் தேதி, கொரிய விமானக் கம்பனியின் பயணிகள் விமானமொன்று வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் மாண்டன. அதன்பின்னரே, இவ்வேற்பாடு பூர்த்தியானதும் பொதுமக்களும் இதனை இலவசமாகப் பயன்படுத்தலாமென்று அமெரிக்க ஜனாதிபதி ரேகன் அறிவித்தார். 1995இல் அது பூர்த்தியாயிற்று. ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் நூறு மீற்றர்வரை இடம் மாறித் தோன்றும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் தேதி அப்பிழையும் நீக்கப்பட்டது. அன்றுமுதல் சாதாரண கருவியும் ஒரு பனங்காணியின் எல்லைக்குள் எம்மைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இனி, விமானத்துக்கு வருவோம். அமெரிக்காவிலுள்ள செஸ்னா கம்பனியின் 172 என்ற நாலு ஆசன விமானம் 1955இல் முதன்முதல் பறந்தது. அவ்வகையில் இதுவரை 44,000க்கு மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை கட்டப்படவில்லை. அவற்றுட் பல நாற்பது ஐம்பது வயதைக் கடந்தும் பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் எல்லோரும் கோடீசுவரரல்லர். பள்ளி ஆசிரியரும், தச்சரும், இளைப்பாறிய உத்தியோகத்தரும் நாலைந்து பேராகச் சேர்ந்து பங்குபோட்டு ஒரு பழைய விமானத்தை வைத்திருப்பார்கள். தேசப்படம், காந்தத் திசைகாட்டி, மணிக்கூடு ஆகிய மூன்றையும் கொண்டு வழியறியவே அவர்கள் முதலிற் கற்றனர். அத்தகையவர் ஒருவர் ஜி.பி.எஸ். வாங்கப் புறப்படுகிறாரென்று வைத்துக்கொள்வோம். அவர் எதை வாங்கவேண்டும்?

"எது மலிவு?" என்று அவர் கேட்பாராயின், அது தவறான கேள்வி. "எது சிறந்தது?" என்று கேட்பாராயின், அதுவும் தவறான கேள்வியே. அவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "நான் எப்படிப்பட்ட பறப்புப் பறக்கிறேன்?" என்பதாகும். நிலத்தைக் கண்ணாற் பார்த்துக்கொண்டு, நல்ல காலநிலையில் மாத்திரம் பறப்பவர் ஒரு வகையினர். முகிலுக்குள் புகுந்து, வெளியே எதுவுந் தெரியாத நிலையில் கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பவர் மற்றொரு வகையினர். பின்னவருக்குத் தனிப் பயிற்சியும் தனி அனுமதிப் பத்திரமும் வேண்டும். இவ்விரு வகையினருக்கும் வேண்டிய கருவி ஒன்றன்று. அதற்குரிய செலவும் ஒன்றன்று.

கடையிற் கிடைக்கும் கருவிகளை மூன்று தரமாகப் பிரிக்கலாம்.

முதலாந் தரம், ஐபேட் போன்ற கைக்கணினி. அமெரிக்காவில் போர்பிளைற், இங்கிலாந்தில் ஸ்கைடீமன் முதலிய செயலிகளை வருடச் சந்தா கட்டி அதில் ஏற்றிக்கொள்ளலாம். விமானம் எங்கே நிற்கிறது, எத்திசையிற் போகிறது, முன்னாலுள்ள தடைவான்வெளி எது என்பனவெல்லாம் வர்ணத் தேசப்படத்தில் அசைந்துகொண்டு தோன்றும். பெரிய விமான நிலையங்களைச் சூழவுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியினுள் அனுமதியின்றிப் புகுவது இங்கிலாந்திற் பெரும் பிரச்சினை. அதைத் தவிர்ப்பதற்கு இத்தகைய அசையும் தேசப்படத்தைப் பயன்படுத்துமாறு அந்நாட்டுச் சிவில் விமான அதிகாரசபையே விமானிகளுக்குப் புத்திசொல்கிறது. கண்ணாற் பார்த்துப் பறப்பவருக்குக் காசுக்கேற்ற பலன் இதிலேதான் அதிகம்.

ஆனால் இதிலுள்ள சூட்சுமத்தை அறியவேண்டும். எமது நண்பரொருவர் ஒரு கைக்கணினியை மலிவாக வாங்கினார். வீட்டிலிருந்து பார்த்தபோது அது அவருடைய தெருவையே சரியாகக் காட்டிற்று. ஆகாயத்தில் ஏறியதும் விமானத்தின் அடையாளம் ஓரிடத்திலே நின்றுவிட்டது, அசையவேயில்லை. காரணம் என்னவென்றால், அதனுள் ஜி.பி.எஸ். வாங்கியே இல்லை! வீட்டிலும் அயலிலுமுள்ள வைபை அலைகளைக் கொண்டே அது இடத்தை ஊகித்திருக்கிறது. ஐபேட்டில் வைபை மாத்திரமுள்ள வகைக்கு ஜி.பி.எஸ். கிடையாது, கைத்தொலைபேசி இணைப்பு வசதியுள்ள வகைக்கே உண்டு. சிம் அட்டை போடாவிட்டாலும் அதன் ஜி.பி.எஸ். வேலைசெய்யும். முன்னதை ஏற்கெனவே வாங்கிவிட்டவர், புளூரூத்மூலம் இணையும் தனி வாங்கியொன்றைச் சிறு செலவில் வாங்கிக்கொள்ளலாம். நண்பர் அப்படித்தான் தப்பினார்.

மற்றக் குறை வெப்பம். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் ஐபேட்டைப் பயன்படுத்த வேண்டாமென்று அதனைச் செய்தவர்களே அறிவுறுத்துகிறார்கள். கண்ணாடிக் கூரையுள்ள விமானி அறையில் கோடை வெயில் நேரே விழும்போது என்ன நடக்குமென்று சொல்லவேண்டியதில்லை. மிக வேண்டிய வேளையில் திரை இருண்டு, "சூடு தணியும்வரை பொறுத்திரு" என்று எச்சரிக்கை தோன்றும். ஆகையால் நிழல் விழும் இடத்தில், காற்றுப் படும்படி அதை வைக்கவேண்டும்.

இரண்டாந் தரம், விமானத்துக்கென்றே செய்யப்பட்ட கைக்கருவி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1989இல் ஆரம்பமான கார்மின் கம்பனியின் ஏரா வரிசை இதற்கு உதாரணம். 2020இல் வெளிவந்த ஏரா 760இன் அப்போதைய விலை ஏறத்தாழ 1,600 டொலர். வெயிலிலும் வாசிக்கத்தக்க திரை, உட்பதித்த வாங்கி, மலை, கோபுரம் முதலியவற்றின் விபரம் என்பன இதில் அமைந்துள்ளன. கைக்கணினியைப்போல இது பல வேலை செய்யாது. ஆனால் செய்யும் ஒரு வேலையைச் சூட்டிலும் குலுக்கத்திலும் நம்பிக்கையோடு செய்யும்.

மூன்றாந் தரம், விமானத்தின் கருவிப் பலகையிலே நிரந்தரமாகப் பொருத்தும், அரசாங்க அங்கீகாரம் பெற்ற கருவி. 2019இல் வெளிவந்த கார்மின் ஜி.பி.எஸ். 175 இவ்வகையில் மலிவானதென்று பேர்பெற்றது. அதுவே 4,300 டொலரளவில் விற்பனைக்கு வந்தது. பொருத்தும் கூலியும், அலைவாங்கிக்குச் செலவும், ஆவணச் செலவும் அதற்கு மேல்.

இங்கே சபையோர் ஒரு கேள்வி கேட்கலாம். கைக்கணினியின் திரை பெரியது, வர்ணம் அழகானது. பலகைக் கருவியின் திரையோ உள்ளங்கையளவானது. சிறிய படத்துக்குப் பலமடங்கு விலை கொடுப்பது எதற்காக?

அன்பர்களே, எமது பேச்சின் மையம் இதுதான். அந்த அதிக விலை படத்துக்காகக் கொடுப்பதன்று, உண்மைக்காகக் கொடுப்பது. ஒரு செய்மதி பிழையான செய்தி அனுப்பினால், அங்கீகாரம் பெற்ற கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. நாலு செய்மதியால் இடத்தை அறியலாம். ஐந்தாவது இருந்தால் ஐந்துக்குள் ஒன்று பொய் சொல்கிறதென்று அறியலாம். ஆறாவதும் இருந்தால் பொய் சொல்வது எதுவென்று அறிந்து அதை விலக்கிவிடலாம். இச்சோதனையை அது ஓயாது செய்துகொண்டேயிருக்கும். தன்னை நம்பக்கூடாத வேளையில், "என்னை நம்பாதே" என்று அது விமானிக்குச் சொல்லிவிடும். 2003ஆம் ஆண்டுமுதல் அமெரிக்காவில் இயங்கும் வாஸ் என்ற துணையேற்பாடும் நிலத்திலிருந்து செய்மதிகளைக் கண்காணித்து, திருத்தமும் எச்சரிக்கையும் அனுப்புகிறது. கைக்கணினிக்கு அத்தகைய கடமையில்லை. பிழையான இடத்தையும் அது அதே அழகோடு, அதே தைரியத்தோடு காட்டும்!

பகலொளியில் பறப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. படம் பொய்யானால் கண் திருத்திவிடும். முகிலுக்குள் இருப்பவரை யார் திருத்துவார்? ஆதலினால், கையிற் பிடிக்கும் கருவியைக் கொண்டு முகிலுக்குள் வழியறிந்து பறப்பது அமெரிக்காவில் அனுமதிக்கப்படவில்லை. வெயிலிற் பறப்பவன் மூன்றாந் தரத்தை வாங்குவது வீண்செலவு. முகிலிற் பறப்பவன் முதலாந் தரத்தை மாத்திரம் நம்புவது உயிர்ச்செலவு. மலிவு என்பது விலைச்சீட்டில் இல்லை. தேவைக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தத்திலே இருக்கிறது.

இனி மறைந்துநிற்கும் செலவுகளைப் பார்ப்போம். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா? விமான நிலையங்கள், றேடியோ அலையெண்கள், தடைவான்வெளிகள் ஆகியவற்றின் விபரங்கள் உலகெங்கும் 28 நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. கருவியினுள்ளிருக்கும் விபரத்தையும் அதற்கேற்பப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு வருடாவருடம் சந்தா உண்டு. வாங்கும் நாளில் ஒரு விலையைப் பார்க்காமல், ஐந்து வருடத்துச் செலவையும் கூட்டிப் பார்க்கவேண்டும். அப்படிக் கூட்டினால் மலிவானது விலையுயர்ந்ததாகவும், விலையுயர்ந்தது மலிவானதாகவும் மாறுவதுண்டு.

பழைய கருவிகளைக் கைமாற்றாக வாங்குவோர் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இக்கருவிக்குரிய விபரங்கள் இன்னும் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றனவா? பழுதுபட்டால் திருத்துவோரும் உதிரிப்பாகமும் உண்டா? இது வாஸ் உள்ளதா, அதற்கு முந்தியதா? இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடையாவிடின், சும்மா கொடுத்தாலும் அது மலிவன்று.

இரண்டு தேவையை ஒரு கருவியால் நிறைவேற்ற இடமுண்டா என்பதையும் பார்க்கவேண்டும். 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் தேதிமுதல் அமெரிக்காவின் முக்கிய வான்வெளிகளில் ஒவ்வொரு விமானமும் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பவேண்டுமென்பது சட்டம். அவ்வொலிபரப்பியும் ஜி.பி.எஸ்.உம் ஒன்றாக அமைந்த கருவிகள் உண்டு. இரண்டும் வேண்டியவர் தனித்தனி வாங்கித் தனித்தனி கூலி கொடுப்பதைவிட, சேர்த்து வாங்குதல் இலாபம். அரசாங்க உதவியையும் விசாரிக்கவேண்டும். இத்தகைய கருவிகளை வாங்குவோருக்கு விலையிற் பாதியை, 250 பவுணுக்கு மேற்படாமல், திருப்பிக் கொடுக்கும் திட்டமொன்றைப் பிரித்தானிய அரசாங்கம் 2020 ஒக்ரோபரில் ஆரம்பித்தது. விசாரியாதவர்கள் அதை இழந்தார்கள்.

பொருத்தும் வேலையிலே நாம் கண்ட தவறுகளையும் சொல்லவேண்டும். காந்தமுள்ள தாங்கியைத் திசைகாட்டிக்கு அருகே வைத்துவிட்டு, திசைகாட்டி பிழைக்கிறதென்று முறைப்பட்டவர்கள் உண்டு. தரமற்ற மின்னேற்றியைச் சொருகிவிட்டு, றேடியோவில் இரைச்சல் என்று வந்தவர்கள் உண்டு. உறிஞ்சுகிண்ணத் தாங்கி வெயிலிற் கழன்று, தரையிறங்கும் நேரத்தில் மடியில் விழுந்த கதையும் உண்டு. கைப்பிடியை முழுத்தூரம் இழுத்தும் தள்ளியும் பார்த்து, கருவியோ கம்பியோ எங்கும் தடுக்கவில்லையென்று தெரிந்த பின்பே பறக்கவேண்டும். வாங்குமுன் விமானத்திலே இருந்து, வெயில் திரையிற் படும்படி திருப்பி, கறுப்புக் கண்ணாடியோடு வாசித்துப் பாருங்கள். ஒரு கையால், குலுங்குவதாக எண்ணிக்கொண்டு, "அண்மையிலுள்ள விமான நிலையம் எது?" என்று கருவியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தொடுகையில் விடை வராவிடின் அக்கருவி உங்களுக்குரியதன்று. இயந்திரம் நின்ற வேளையிற் பக்கம் பக்கமாகத் தேட அவகாசமிராது. வாங்கிய பின்னும் வீட்டில் மேசையில் வைத்துப் பழகிய பின்பே ஆகாயத்துக்குக் கொண்டுபோங்கள். திரையையே பார்த்துக்கொண்டு வெளியே பார்க்க மறந்த விமானியைப்போல ஆபத்தானவர் வேறில்லை.

இறுதியாக ஒரு துயரச் செய்தியைச் சொல்லியாகவேண்டும். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. கருவிப் பறப்பிற் பழக்கமில்லாத இருபது பேரை, ஆசிரியர் பக்கத்திலிருக்க, வெளியே பார்வை தெரியாதபடி மறைத்து விமானம் ஓட்டச்செய்தார்கள். இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரி 178 செக்கன், மூன்று நிமிடமுமில்லை! காதினுள்ளிருக்கும் சமநிலை உணர்வு அத்தனை எளிதில் எம்மை ஏமாற்றிவிடுகிறது.

1999ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆந் தேதி இரவு, முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மகன், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் தம் சிறு விமானத்திற் கடலுக்கு மேலாகப் பறந்தார். புகார் மூடிய இருள். அவர் திசைநிலை மயங்கிக் கட்டுப்பாட்டை இழந்தாரென்று விசாரணை முடிவு கூறிற்று. மூவரும் மாண்டனர். அவ்விமானத்தில் ஜி.பி.எஸ். கருவி இருந்தது, தானியங்கும் ஓட்டுகருவியும் இருந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும், எப்படி இருக்கிறோம், செட்டை சரிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. மடியிலே நல்ல படம் இருக்கிறதே என்ற துணிவில் முகிலை நோக்கிப் போகிறவன், வழிகாட்டியையே எமனாக்கிக்கொள்கிறான்.

அன்றியும், செய்மதியின் அலை மிக மெலிந்தது, எளிதிற் குழம்பக்கூடியது. 2022 ஒக்ரோபரில் அமெரிக்காவின் டலஸ் நகரப் பகுதியில் ஜி.பி.எஸ். ஒரு நாளுக்கு மேலாகத் தடுமாறிற்று. 2024இல் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்குச் செல்லும் பெரிய விமானங்களே இக்குழப்பத்தால் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. பெரிய விமானத்துக்கே இக்கதியென்றால், சிறு விமானி தன் தேசப்படத்தையும் திசைகாட்டியையும் மூட்டைகட்டி வைத்துவிடலாமா? கருவி வாங்கிய பின்னும் மாதத்தில் ஒருநாளாவது அதை அணைத்துவிட்டு, பழைய முறைப்படி பறந்து பழகுதல் நன்று. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வாலிப அன்பர்களே! உங்களுட் சிலர் நாளைக்கு விமானியாகலாம். பலர் ஆகாமற் போகலாம். ஆயினும் கருவி வாங்காதவர் எவருமிலர். எதை வாங்கினாலும், "எனக்கு உண்மையில் வேண்டியது எது? இது என்னிடம் பொய் சொன்னால் நான் எப்படி அறிவேன்? இது நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுங்கள். மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் விடை இருக்குமாயின், சிறிய கருவியும் உங்களுக்குப் பெரிய துணையாகும். இல்லையாயின், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் போதாது.